திருத்தாத படம்

யாருடைய முகத்தைப் பார்த்துப் பேசினாலும் அண்ணனின் வலது கை ஆள்காட்டி விரல் சும்மா இருக்காது. உட்கார்ந்திருந்தால் மேஜை மேல், நின்றுகொண்டிருந்தால் தொடை மேல், லேசாக இரண்டு தட்டுத் தட்டும். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றப்போகிறார் என்று பக்கத்து வீட்டு ஆள் அரை மணி நேரம் புலம்பிவிட்டுப் போவார். அவர் தலை மறைந்ததும், "அவருக்கு மூக்குப் பக்கத்துல புதுசா ஒரு பரு" என்பான். புலம்பலில் ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறியிருக்காது.

தங்கை இதைப் பல வருடங்களாகக் கவனித்துவந்தாள். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்தவர், மருந்துக்கடைக்காரர், அம்மா என்று எல்லோருக்கும் அந்த இரண்டு தட்டு உண்டு. அவளைப் பார்க்கும்போது மட்டும் அந்த விரல் மடங்கி உள்ளங்கைக்குள் போய்விடும்.

அண்ணன் ஒரு போட்டோ ஸ்டூடியோவில், எடுத்த படங்களில் முகத்தைத் திருத்தும் டச்சப் வேலை பார்த்தான். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அங்கே போனவன், அடுத்த வருடம் பின்னறைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தான். பிறகு பதினாறு வருடம் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. முன்னால் கண்ணாடி மேஜை, திரைக்குப் பின்னால் வெள்ளையும் நீலமுமாக இரண்டு துணி தொங்கும் படமெடுக்கும் இடம், அதற்கும் பின்னால் ஜன்னலே இல்லாத அவனுடைய அறை. நாற்காலியின் உட்காருமிடம் கிழிந்தபோது அம்மா பழைய போர்வையை நாலாக மடித்துத் தைத்துக் கொடுத்தாள். அதுவும் நடுவில் பள்ளமாகிவிட்டது.

கடையில் அவனுக்கு ரப்பர் என்று பெயர். வைத்தவர் கேமராக்காரர். "ரப்பர், வர்ற வழியில என் வயித்தையும் கொஞ்சம் அழிச்சு விடேன்" என்று தினமும் ஒரே நகைச்சுவையைச் சொல்லுவார். அண்ணனும் தினமும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பான்.

ஆனால் அவன் எல்லாவற்றையும் அழிக்கிறவன் அல்ல. அவனுக்கென்று ஒரு கணக்கு இருந்தது. பரு, தூக்கம் கெட்ட கண், சவரத்தில் விழுந்த கீறல் போன்றவை ஒரு வாரத்தில் தானாகப் போய்விடும், அதனால் தயவு தாட்சண்யம் இல்லாமல் எடுத்துவிடலாம். மச்சம், தழும்பு, நெற்றிச் சுருக்கம் எல்லாம் ஆளோடு கடைசிவரை இருக்கப்போகிறவை. அவற்றைப் பாதிதான் குறைப்பான். யாராவது முழுதாக எடுக்கச் சொன்னால், "எடுத்துட்டா உங்க பேங்க்காரன் உங்களை உள்ள விடமாட்டான்" என்பான். வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். அவர் வீட்டில் யாராவது, "படம் நல்லா வந்திருக்கே, ஆனா நீதான்னு தெரியுது" என்று சொல்லியிருப்பார்கள். அவன் தொழிலில் கிடைக்கும் பெரிய பாராட்டு அதுதான்.

தங்கையின் இடது புருவத்துக்கு மேல் நகக்கண் அளவுக்கு ஒரு முக்கோணத் தழும்பு உண்டு. அம்மா அப்போது ஒரு லாட்ஜுக்கு வீட்டிலேயே துணி இஸ்திரி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் பிடிக்கப் போனவள் பெட்டியை மகனிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அவனுக்குப் பன்னிரண்டு வயது. சூடான பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே எதற்கோ திரும்பினான். மூன்று வயதுத் தங்கை பின்னாலேயே நின்றிருந்தாள். பெட்டியின் முனை பட்டது. இதை அம்மாதான் ஏதோ கோபத்தில் ஒருமுறை சொன்னாள். அண்ணன் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. பள்ளி அடையாள அட்டை, தேர்வு அனுமதிச் சீட்டு, பட்டம் வாங்கிய அன்றைய படம் என்று அவளுடைய ஒவ்வொரு படமும் அவன் கைக்குப் போய்த்தான் வெளியே வந்தது. எல்லாவற்றிலும் அந்த முக்கோணம் பாதி மங்கலாக இருக்கும். தெரிந்தவர் தேடினால் கிடைக்கும்.

அந்த வீட்டில் முதல் பட்டம் அவளுடையது, அண்ணன் சம்பளத்தில் படித்தது. பட்டம் வாங்கி, பதினான்கு மாதம் வேலைக்கு அலைந்து, ஒரு திங்கட்கிழமை நேர்முகத்துக்குக் கடிதம் வந்திருந்த நேரத்தில்தான் ஸ்டூடியோவின் பழைய கம்ப்யூட்டர் ஒரேயடியாகப் படுத்துவிட்டது.

புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழையதில் இருந்த படத்திருத்த மென்பொருள் பணம் கட்டி வாங்கியதல்ல, யாரோ ஏற்றிக் கொடுத்த திருட்டுப் பிரதி. ஊரில் பாதிக் கடை அதில்தான் ஓடியது. இந்தமுறை முதலாளியின் மருமகன் மூக்கை நுழைத்தார். கடையில் எல்லோரும் அவரை மாப்பிள்ளை என்றுதான் சொல்வார்கள். கல்யாணமாகி ஆறு வருடமாகியும் அவருக்கு வேறு வேலை வாய்க்கவில்லை. திருட்டுப் பிரதி வைத்திருந்த இரண்டு கடைக்கு வக்கீல் கடிதம் வந்ததாம், நாம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு பொத்தானை அமுக்கினால் முகத்தைப் பளபளவென்று ஆக்கிக் கொடுக்கும் இலவச ஆப் ஒன்று தன்னிடம் இருக்கிறது, அதைக் கேமராக்காரரே அமுக்கிவிடலாம், பின்னறையில் ஒரு ஆளை உட்காரவைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை என்றும் சொல்லிவைத்தார்.

முதலாளி கெட்டவர் அல்ல. முடிவெடுக்கப் பயப்படுகிறவர். அண்ணனைக் கூப்பிட்டு, சும்மா கிடைப்பவற்றில் எது சரிப்படும் என்று நீயே பார்த்துச் சொல், சனிக்கிழமை முடிவு பண்ணிவிடலாம் என்றார். மாப்பிள்ளையின் ஆப்பையும் அதில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அதாவது, அண்ணனின் நாற்காலிக்கு ஐந்து நாள் கெடு.

அண்ணன் அன்று வீட்டுக்கு வந்து தங்கையிடம் கேட்டான்.

"உதவிக் குறிப்பெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு. கொஞ்சம் வந்து படிச்சுச் சொல்றியா?"

பதினான்கு மாதத்தில் அவளுடைய பட்டத்திடம் யாராவது ஒரு உதவி கேட்டது அதுதான் முதல்முறை. அவள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஐந்து மாலைகள் அந்த ஜன்னலில்லாத அறையில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் இணையத்தில் தேடி, எது எதற்குப் பேர் பெற்றது, எதில் என்ன குறை என்று படித்துச் சொல்வாள். அவன் செய்து பார்ப்பான். அவளுடைய படத்தையே சோதனைக்கு வைத்துக்கொண்டார்கள். நேர்முகத்துக்கும் எட்டுப் படம் தேவைப்பட்டது.

முதலாவது, உலகம் முழுக்க இருக்கும் ஆர்வலர்கள் சேர்ந்து உருவாக்கிய பெரிய மென்பொருள். அதில் இல்லாத கருவி இல்லை. ஆனால் எதுவும் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. பதினாறு வருடமாக அவன் இடது கை விரல்களுக்குப் பாடமாகியிருந்த கீபோர்டு குறுக்குவழிகளில் பாதி அங்கே வேறெதையோ செய்தன. பருவை எடுக்கப் போனால் படமே சாய்ந்தது. அதற்கு அவன் சம்பந்தி வீடு என்று பெயர் வைத்தான். "எல்லாம் இருக்கு. ஆனா ஒரு டம்ளர் தண்ணி வேணும்னாகூட எங்க இருக்குன்னு கேட்டுக் கேட்டுத்தான் எடுக்கணும்."

இரண்டாவது, கம்ப்யூட்டரில் ஏற்றவே வேண்டாம். இணையப் பக்கத்தைத் திறந்தால் அதுவே வேலை செய்யும். பழையதை உரித்து வைத்தாற்போல் இருந்தது. கை தானாக ஓடியது. ஒரு படத்துக்கு ஏழு நிமிடம். வலது ஓரத்தில் விளம்பரம் ஓடிக்கொண்டே இருக்கும். வழுக்கைத் தலைக்காரர் ஒருவரின் படத்தைத் திருத்தும்போது பக்கத்தில் முடி வளர்க்கும் எண்ணெய் வந்தது. இணையம் அறுந்தால் வேலையும் அந்தரத்தில் நிற்கும். அது வாடகை வீடு. வசதிக்குக் குறைவில்லை, என்றைக்குக் காலி பண்ணச் சொல்வார்கள் என்றுதான் தெரியாது.

மூன்றாவது, அந்த ஒற்றைப் பொத்தான். அமுக்கினால் மூன்று வினாடி. அதற்கு அவன் மாப்பிள்ளை என்றே பெயர் வைத்தான். "வேலை ஒண்ணும் செய்யாது. மரியாதை மட்டும் வாங்கிடும்." கேமராக்காரர் திரைக்கு அந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது இவர்களுக்குக் கேட்டது.

அவள் நோட்டில் கோடு போட்டு, நேரம், தோல், முடியோரம், அச்சு என்று நான்கு பத்தி பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று எழுதினாள். மூன்றாவதற்கு நேரத்தில் பத்து. தோல், எல்லோருக்கும் ஒரே தோல், நான்கு. அச்சில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஏழு. முடியோரத்தில், "காதோர முடி கரைந்து கன்னத்தோடு சேர்ந்துவிடுகிறது, மூன்று" என்று எழுதி அடியில் கோடும் போட்டாள். அதைக் கண்டுபிடித்ததும் அவள்தான். அவளுக்குக் காதோரத்தில் சுருண்டு நிற்கும் நாலைந்து முடி உண்டு. அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, "உனக்கும் கண்ணு வந்துடுச்சு" என்றான். அவன் அவளைப் பாராட்டிய விதம் அவ்வளவுதான். அவள் வீட்டுக்குப் போகும்வரை அதை மனதில் வைத்துக்கொண்டே நடந்தாள்.

கூட்டிப் பார்த்தால் வாடகை வீடு முதலில் வந்தது. முதலாளியிடம் இதைக் காட்டினால் போதும், நாற்காலி தப்பிவிடும் என்று இருவருக்குமே தோன்றியது.

வெள்ளிக்கிழமை அவன் வேலை செய்துகொண்டிருந்தபோது அவள் கேட்டாள். "அதை முழுசா எடுத்துடேண்ணா. எதுக்குப் பாதியில விடுற?"

எதை என்று அவன் கேட்கவில்லை. "கூடவே இருக்கறதைப் பாதிதான் எடுக்கணும்" என்றான்.

"நேர்முகத்துல மூஞ்சியைத்தானே முதல்ல பாப்பாங்க."

அவன் திரையில் அவள் புருவத்தைப் பெரிதாக்கினான், சிறிதாக்கினான். பிறகு அப்படியே சேமித்தான். விரல் உள்ளங்கைக்குள் போயிருந்தது.

சனிக்கிழமை காலை முதலாளி வந்தார். மாப்பிள்ளையும் வந்தார். அவள் நோட்டை நீட்டினாள். முதலாளி ஒரு பக்கம் புரட்டிவிட்டு மூடினார். "டிகிரி, நீ நல்லா எழுதியிருக்கே. ஆனா நம்ம கடைக்கு வர்றவன் நோட்டைப் பாத்தா காசு கொடுக்கறான்? படத்தைக் காட்டு." அவர் அவளை டிகிரி என்றுதான் கூப்பிடுவார். அதில் கிண்டல் எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று அவளுக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அண்ணன் மூன்று தாள்களைக் கண்ணாடி மேஜை மேல் வைத்தான். ஒவ்வொன்றிலும் எட்டு முகம். எது எதனால் செய்தது என்று எழுத வேண்டாம் என்று மாப்பிள்ளை முன்கூட்டியே சொல்லியிருந்தார். அது நியாயமாகத்தான் பட்டது. முதலாளி கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், தலையைச் சொறிந்தார். கடைசியில் அவளைப் பார்த்தார்.

"மூஞ்சி உன்னுது. படிச்சவ வேற. நீ கஸ்டமரா வந்தா எதை எடுப்ப?"

அவள் குனிந்தாள்.

முதல் தாளில் அவள் இருந்தாள். இரண்டாவது தாளிலும் இருந்தாள், புருவத்துக்கு மேல் அந்தப் பாதி முக்கோணத்தோடு. மூன்றாவதில் நெற்றி துடைத்துவைத்த தட்டுப்போல இருந்தது. எந்தப் பெட்டியும் எந்தக் காலத்திலும் தொடாத நெற்றி. அந்த முகத்துக்குப் பதினான்கு மாதம் அலைந்த களைப்பு இல்லை. இஸ்திரிப் புகையில் வளர்ந்த முகம் என்றே சொல்ல முடியாது. திங்கட்கிழமை நேர்முக மேஜைக்கு எதிரே இந்த முகத்தோடு உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நொடி நினைத்தாள். காதோரத்தில் முடி கரைந்து கன்னத்தோடு போயிருந்தது. அதையும் பார்த்தாள். பார்த்த பிறகுதான் அவள் விரல் போய் மூன்றாவது தாளின் மேல் உட்கார்ந்தது.

"பாத்தீங்களா மாமா" என்றார் மாப்பிள்ளை.

கேமராக்காரர் மட்டும், அது வெளிச்சம் அப்படி விழுந்திருக்கிறது, நல்லா பாரும்மா என்று ஏதோ சொல்லப் பார்த்தார். அவள் கையை எடுத்திருக்கலாம். இல்லை, இரண்டாவதுதான் என்று சொல்லியிருக்கலாம். விரல் அங்கேயே இருந்தது. முதலாளி அண்ணனைப் பார்த்தார்.

"அவ மூஞ்சி சார்" என்றான் அண்ணன். "அவ சொல்றதுதான் சரி."

அந்த மாதம் முழுக்க வந்து போ, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொன்னார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் என்ன பொருள் என்று அந்தக் கடையில் எல்லோருக்கும் தெரியும். போகும்போது அவள் தோளில் தட்டி, திங்கட்கிழமைக்கு வாழ்த்தும் சொன்னார். மூன்றாவது தாளை மாப்பிள்ளையே கத்தரித்து ஒரு உறையில் போட்டு அவளிடம் கொடுத்தார்.

வீட்டுக்கு நடந்தே போனார்கள். சிக்னலில் நின்றார்கள். வண்டிகள் நிற்கக் காத்திருந்தபோது அவள்தான் சொன்னாள். "எது எதுன்னு எனக்குத் தெரியலண்ணா."

"ம்."

"சத்தியமா தெரியல."

அவன் எதிர்ச்சாரியைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "காதோரம் பாத்தியா?"

"இல்ல."

"சரி வா, பச்சை விழுந்துடுச்சு" என்று அவள் முழங்கையைப் பிடித்துச் சாலையைக் கடத்தினான். சின்ன வயதில் பிடிப்பதைப் போலவே.

அந்த 'இல்ல'வை அவள் பின்னால் பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறாள். தெரியாமல் செய்தேன் என்று தனக்கே சொல்லிக்கொள்ள எத்தனையோ வழி தேடினாள். ஆனால் நோட்டில் அவள் கையெழுத்தில், அடிக்கோட்டோடு அது எழுதியிருந்தது. படித்தவள் என்பதால் அந்தக் கடையில் அன்று அவள் வார்த்தைக்கு ஒரு விலை இருந்தது. படிக்கவைத்தவனுக்கு எதிராகவே அதை முதல்முதலாகச் செலவழித்தாள். அவன் மேல் கோபப்பட ஏதாவது கிடைக்குமா என்றுகூடத் தேடினாள். தழும்பு அவன் போட்டதுதானே, அதை ஒரேயடியாக எடுத்துத் தொலைத்திருந்தால் நான் ஏன் மூன்றாவதைத் தொடப்போகிறேன் என்று இரண்டு நாள் வாதாடினாள். மூன்றாம் நாள் அந்த வாதம் அவளுக்கே குமட்டியது.

வேலை போன காரணத்தை அம்மா கேட்டபோது அண்ணன், "கம்ப்யூட்டர் மாறிடுச்சும்மா, அவ்வளவுதான்" என்றான். அம்மா விடவில்லை. பதினாறு வருடம் உட்கார்ந்தவனுக்கு ஒரு புதுப் பெட்டியைப் பழகத் துப்பில்லையா, இவள் எவ்வளவு படித்திருக்கிறாள், இவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாதா என்று கரித்துக்கொட்டினாள். அவன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான். தங்கையும் தன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாள்.

அவளுக்கு வேலை கிடைத்தது. காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலை. நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள், ஒருவர்கூட அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. கொடுத்திருந்த படத்தையும் பார்க்கவில்லை. மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார்கள், தட்டச்சு வேகத்தைக் கேட்டார்கள், போகச் சொன்னார்கள். அந்த முகத்துக்கு அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை.

படத்தைப் பார்த்தவர் வாசல் காவலாளிதான். அடையாள அட்டை வந்த முதல் நாளே அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது யாருமா, உங்க அக்காவா?" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. தினமும், "அக்கா வரலியா இன்னிக்கு?" என்பார். கேமராக்காரரின் தினசரி நகைச்சுவைக்கு அண்ணன் எப்படிச் சிரித்தானோ அப்படியே அவளும் சிரிக்கப் பழகினாள். ஒருநாள் அலுவலகத்திலிருந்து குறிப்பு வந்தது. அட்டையில் உள்ள படம் ஆளோடு ஒத்துப்போகவில்லை, திருத்தாத படம் ஒன்று கொண்டுவந்து கொடுக்கவும்.

அண்ணன் அப்போது வேறு ஊரில், ஒரு பார்சல் கிடங்கில் சேர்ந்திருந்தான். நாள் முழுக்க நின்றுகொண்டு பெட்டிகளின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை ஸ்கேனரால் சுட்டுச் சுட்டு அனுப்ப வேண்டும். மாதம் ஒருமுறை வருவான். வந்தபோது அவள் குறிப்பைக் காட்டினாள். அவன் படித்துவிட்டு, "திருத்தாத படமா" என்று கேட்டுக்கொண்டான். "நாளைக்கு எடுத்துத் தர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை சுவரில் அம்மாவின் வெள்ளைப் படுக்கை விரிப்பை ஆணியடித்து மாட்டினான். கேமராக்காரர் கடையை விட்டுப் போகும்போது அவனுக்குக் கொடுத்த பழைய கேமரா இருந்தது. அவளை ஜன்னலைப் பார்த்து நிறுத்தினான். முகவாயைத் தூக்கச் சொன்னான், தோளை இறக்கச் சொன்னான். நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிடச் சொன்னான். தழும்பு நன்றாகத் தெரிந்திருக்கும். மூன்று படம் எடுத்தான்.

பிறகு கேமராவைத் திருப்பி, அதன் பின்புறச் சின்னத் திரையில் அவளைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அவனுடைய வலது கை ஆள்காட்டி விரல் உள்ளங்கையை விட்டு வெளியே வந்து கேமராவின் முதுகில் லேசாக இரண்டு தட்டுத் தட்டியது.

எதைப் பார்த்துத் தட்டினான் என்று அவள் கேட்கவில்லை. சிக்னலில் சொன்ன 'இல்ல'வைத் திரும்ப எடுத்துக்கொள்ள அதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று தெரிந்தது. அம்மா உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அண்ணன் கேமராவை உறைக்குள் போட்டான். விரிப்பைக் கழற்றி மடித்தான். ஆணி போன ஓட்டையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.

"அங்க போய்க் கம்ப்யூட்டர்ல போட்டு அனுப்பறேன்" என்றான்.

சாயங்காலம் பஸ் ஏறினான்.

இரண்டு வாரம் கழித்து அவள் போனில் கேட்டாள். அனுப்புகிறேன் என்றான். அடுத்த மாதம் வந்தபோது கேட்டாள். கேமராவை அங்கேயே விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னான். அதற்கப்புறம் ஒருமுறை கேட்டபோது, "கை வைக்காம உன் மூஞ்சியை வெளிய அனுப்பிப் பழக்கமில்ல. கை வைக்கவும் முடியல. இரு, பாக்கறேன்" என்றான். அதன் பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அவள் அந்தப் பக்கம் போவதில்லை. ஏழு மாதமாகிறது. நிர்வாகப் பிரிவில் உட்காரும் எழுத்தர் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் பதிவேட்டைப் பிரித்து, அவள் பெயருக்கு நேரே வந்ததும் தலை தூக்கிப் பார்க்கிறார். அண்ணன் தருவான் என்று சொல்லிவிட்டு அவள் இடத்துக்குப் போகிறாள். எழுத்தர் போன மாதம் எழுதியதை அழிக்காமல் அதன் மேலேயே பென்சிலால் இன்னொருமுறை எழுதுகிறார்: படம் பாக்கி.